மூன்று மில்லிமீட்டர்

ஷோமோலுவில் மின்சாரம் போனால்
தெரு முழுக்க ஒரே மூச்சில் இருமும்.
அந்த ஜெனரேட்டர் இருமலுக்கு நடுவே
அடெபோயெகா வந்தார், கையில் பென் டிரைவ்.
சனிக்கிழமை அம்மாவின் அடக்கம்.
முந்நூறு பிரதி.
இன்று வியாழன்.

இருபத்திரண்டு பக்கம் இருந்தது.
நடுவில் பின் அடிக்கும் புத்தகம்
நான்கால் வகுபட வேண்டும் என்றேன்.
"அம்மாவுக்கு எண்பத்தொன்று,
அது எதால் வகுபடும்?" என்றார்.
ஒரு ஜெபமும் ஒரு வெற்றுப் பக்கமும் சேர்த்தோம்.

அபொசெடெ.
அடியில் புள்ளி வைத்த ஒ,
அடியில் புள்ளி வைத்த எ.
எழுத்துரு அவர் கணினியிலேயே தங்கிவிட்டது.
என் திரையில் பெயரின் நடுவே இரண்டு காலிப் பெட்டிகள்.
புள்ளி உதிர்ந்தால் வேறு யாரையோ புதைக்க நேரும்.
பதினேழு இடங்களில்
ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன்.

"எல்லாம் நல்ல கறுப்பாக இருக்கட்டும்" என்று
நான்கு மையையும் நூறு நூறாக ஊற்றியிருந்தார்.
நானூறு. தாள் அவ்வளவு குடிக்காது.
காயாமல் கிடந்து
மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும்.
பொடி எழுத்துக்கு ஒற்றைக் கறுப்பு போதும் ஐயா;
நான்கு தகட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும்
'இளைப்பாறுக' என்ற சொல்லுக்குச்
சிவப்பிலும் நீலத்திலும் நிழல் முளைத்துவிடும்.

பிறகு அட்டைப்படம்.
வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்தது.
யாரோ அம்மாவை வெளுக்கவும் வைத்திருந்தார்கள்.
பெரிதாக்கினேன்,
கன்னம் படிக்கட்டாக உடைந்தது.

மூலப்படம் வேண்டும்.

"தங்கையிடம் இருக்கிறது" என்றார்.
தாள் கட்டின் மேல் உட்கார்ந்தார்.
"இபாதான் வீட்டு விவகாரம்.
மூன்று வருஷமாகப் பேச்சில்லை."
எனக்குத் தெரிந்தது
அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி மட்டும்.
அதையே மறுபடி சொன்னேன்.

வெளியே போய்ப் போனில் கத்தினார்.
எங்கள் தெருவில் எல்லோரும்
கத்தித்தான் பேசுவோம்,
அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பதினெட்டு மெகாபைட் வந்தது.
கூட ஒரு வரிகூட இல்லை.
அம்மா, அவர் நிறத்தில்.
அந்த நிறத்தை முதலில் மஞ்சளும் மெஜந்தாவும் கட்டவேண்டும்,
கறுப்பு கடைசியில், கொஞ்சம்.
கறுப்பை நம்பித் தோலைக் கட்டினால்
முகம் சாம்பலாகிவிடும்.

வலது ஓரத்தில்
அம்மாவின் தோள்மேல் நான்கு விரல் நுனி,
பாதி உரிந்த நகப்பூச்சு.
அண்ணன் போட்ட சட்டத்தில் அவை
வெட்டுக்கோட்டுக்கு வெளியே,
கத்தி தடுமாறினால் வெள்ளை தெரியாமலிருக்க
நாங்கள் விடும் மூன்று மில்லிமீட்டருக்குள் கிடந்தன.
அந்த இடமும் மை வாங்கும்,
அச்சாகும்,
பிறகு தொட்டிக்குப் போகும்.

படத்தை ஐந்து மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினேன்.
யாரையும் கேட்கவில்லை.
கோப்பில் பிழை பார்ப்பது என் வேலை,
இது பிழையா என்று இன்னும் தெரியவில்லை.

மாதிரித் தாளைப் பார்த்தார்.
பெயர், புள்ளிகள், தேதி.
அட்டையில் நின்றார்.
கட்டைவிரலால் அந்த ஓரத்தை மூடினார்,
எடுத்தார்.
"எங்கே கையெழுத்துப் போடணும்?"

இரவு நயெமெக்கா தகடுகளை ஏற்றினான்.
முதல் நாற்பது தாளில்
அம்மாவுக்கு இரண்டு முகம், தோளில் எட்டு விரல்.
திருகைத் திருப்பத் திருப்பக்
கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து அமர்ந்தன.
பொழுது விடிய மடித்து, பின் அடித்து,
கத்தி இறங்கியது.

தொட்டியில் குனிந்து பார்த்தேன்.
வண்ணக் கட்டங்கள், குறிகள்,
ஓரமாக ஒரு புறங்கையின் கீற்று,
முந்நூறு.

இன்னும் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம்.